அத்தானுக்கு வாசித்துக் காட்டிய தாள்

பதினேழு வருடமாக நர்சுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். நாகர்கோவில் வடசேரியில் மாடியில் ஒரு அறை, கீழே செருப்புக் கடை. வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதும் பெண்கள் வருவார்கள். ஊசி போடவோ, சாகக் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்கவோ அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என்னைவிட ஆயிரம் மடங்கு விஷயம் தெரிந்தவர்கள். என்னிடம் அவர்கள் படிப்பது ஒன்றுதான். டாக்டர்கள் கேஸ் தாளில் எழுதிவைக்கும் நறுக்கு இங்கிலீஷை முழு வாக்கியமாக விரித்து எழுதுவது.

அந்த இங்கிலீஷில் வினைச்சொல் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் எழுவாய் இருக்காது. நேற்றா, இன்றா, நாளையா என்று காலமும் தெரியாது. பெயர்ச்சொற்களாக அடுக்கிக்கொண்டே போவார்கள். ஏழெட்டுச் சொல் தாண்டித்தான் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியும். இதில் நாம் பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். ‘கோட்டாறு அரிசிக்கடை முதலாளி மகள் கல்யாண மண்டப வாசல்’ என்று போர்டில் எழுதுவேன். இதில் ஒரு உருபு உண்டா, ஒரு வினை உண்டா? இல்லை. ஆனால் பேச்சு வாசலைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரியும். அதேபோலக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து போ என்பேன். பெண்கள் சிரிப்பார்கள். அடுக்கு அதோடு பிடிபட்டுவிடும்.

பிடிபடாதது காணாமல் போன ஆள். ‘பேஷன்ட் ஃபெயில்ட் கீமோ’ என்று எழுதுவார்கள். மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம். தோற்றது மருந்து. ஆனால் எழுத்தில் தோற்றுப்போனவன் படுக்கையில் கிடக்கிறவன். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், சாக்பீஸை உடைத்திருக்கிறேன். யார் செய்தது, யாருக்குச் செய்தது, எப்போது செய்தது, இந்த மூன்றையும் கேட்காமல் ஒரு வரியையும் தாண்டக் கூடாது என்பது என் சட்டம். கேட்காமல் தாண்டிய பெண்களைத் திட்டியிருக்கிறேன். ஒருத்தி இரண்டு தடவை அழுதிருக்கிறாள்.

இதனால் எனக்கு மருத்துவம் தெரியும் என்று ஆகாது. கணையம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று நாற்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் தெருவிலும் சொந்தத்திலும் யாரும் இதை நம்பத் தயாராக இல்லை. எங்கள் பக்கத்தில் தீனம் என்றால் நோய், பெரிய தீனம் என்றால் திருவனந்தபுரம்தான். அங்கே டாக்டர் மலையாளத்தில் மூன்று நிமிடம் பேசுவார், இங்கிலீஷில் ஒரு தாளைத் தருவார். அதை ஜவுளிக்கடைக் கவரில் ஸ்கேன் படங்களோடு போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கொண்டுவருகிறவர் ஒருநாளும் நோயாளியாக இருக்க மாட்டார். மகன் வருவான், மருமகன் வருவான், தம்பி பெண்டாட்டி வருவாள். முதலில் அவர்களுக்கு உள்ளபடி வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு நோயாளியிடம் சொல்வதற்கென்று தனியாக ஒன்று வேண்டும். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை இது, எல்லா வீட்டிலும் இப்படித்தான். அந்தத் தனி ஒன்றையும் நானே சொல்லிக்கொடுத்து அனுப்புவேன். எனக்கு நன்றாகவே வரும்.

என் அக்காள் வீட்டுக்காரர் வாழைக்குலை வியாபாரி. வீடு அஞ்சுகிராமத்தில், கடை வடசேரிச் சந்தையில். என் அறையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆறடி ஆள். கைக்கு ஒன்றாக இரண்டு ஏத்தங்குலையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடப்பார். சிகரெட் கிடையாது, குடி கிடையாது. என் பிழைப்பைக் கேலி செய்வதில் அத்தானுக்கு அலாதி சந்தோஷம். “டாக்டர்மாரு தின்னுட்டுப் போட்ட எழுத்த இவன் பொறுக்கிக் குடுக்கான். அதுக்கு ஒரு கிளாசு, அதுக்கு ஒரு போர்டு,” என்று கடைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார். சொல்லிவிட்டு மட்டிப்பழம் நாலு பிய்த்து என் கையில் திணிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆனி மாதம் அவருக்கு முதுகு வலித்தது. குலை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று எண்ணெய் போட்டார்கள். பிறகு கண் மஞ்சளாயிற்று, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஆடியில் திருவனந்தபுரம் போனோம். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் போயிருந்தது. குடலுக்குப் பக்கத்தில் ஒரு வீக்கம் என்று அத்தானிடம் சொன்னோம். சொன்னது நான்தான். கீமோவுக்கு ‘வீக்கத்தைக் கரைக்கிற டிரிப்’ என்று பேர் வைத்ததும் நான்தான். அந்த வார்டில் பாதிப் பேருக்குத் தலையில் முடி இல்லை, அவருக்குக் கண் தெரியாதா என்று கேட்கலாம். கேட்டார். “இவ்வளவு பேருக்கும் புத்துநோயா மாப்ளே?” என்றார். ஆமாம், அவர்களுக்கெல்லாம் அது, நமக்கு வேறு வார்டில் படுக்கை கிடைக்காததால் இங்கே போட்டிருக்கிறார்கள் என்றேன். “பாவம்,” என்று எதிர்ப் படுக்கைக்காரருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

ஐப்பசியில் மூன்றாவது டிரிப் முடிந்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னையும் அக்காளையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு, தூக்கம் இல்லாத முகம். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி மருந்து கொடுத்தால் தாங்க மாட்டார் என்றார். அக்காளுக்கு மலையாளம் பாதிதான் புரிந்தது. அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். “எல்லாம் எழுதியிட்டுண்டு. வாயிச்சு நோக்கிக்கோளூ,” என்று வாசித்துப் பார்க்கச் சொல்லித் தாளை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

திரும்பி வருகிற வண்டியில் அத்தான் பின்சீட்டில் படுத்திருந்தார். களியக்காவிளை நெரிசலில் வண்டி நின்றபோது நான் தாளை எடுத்தேன். முக்கால் பக்கம் பழைய கதை. கடைசியில் மூன்று வரி. ‘ஃபார் பெஸ்ட் சப்போர்ட்டிவ் கேர்.’ ‘ப்ராக்னோசிஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் டு பைஸ்டாண்டர்ஸ்.’ ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.’ மூன்றிலும் ஒரு முழு வாக்கியம் இல்லை. மூன்றையும் நூறு தடவை போர்டில் விரித்து எழுதியிருக்கிறேன். இனி நோய்க்கு மருந்து கொடுப்பதில்லை, வலிக்கு மட்டும் கொடுப்போம். இவர் பிழைக்க மாட்டார் என்பதைக் கூடவந்தவர்களிடம் சொல்லிவிட்டோம். இனி குறித்த தேதிக்கு வர வேண்டாம், தாங்க முடியாமல் போனால் மட்டும் கொண்டுவாருங்கள். பைஸ்டாண்டர் என்றால் அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணை இருக்கிறவர். முந்தின தாள்களில் எல்லாம் கடைசி வரியில் ஒரு தேதி இருந்தது. இதில் இல்லை. அதைப் பார்த்ததும் தாளை மடித்துக் கவருக்குள் செருகினேன்.

மார்த்தாண்டத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அத்தான் வண்டியை விட்டு இறங்கவில்லை. அக்காள் என்னை வண்டிக்குக் கேட்காத தூரம் தள்ளிக்கொண்டு போனாள். அழவில்லை. “ஏலே, அவிய கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாது. அவிய பயந்த ஆளாக்கும். வெளியத்தான் சத்தம். கேட்டா அன்னிக்கே படுத்துருவாவ. உனக்குத் தெரியும்லா, எப்பிடியாவது மாத்திச் சொல்லு,” என்றாள். நான் சரி என்றேன். அதற்கு ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் அந்தச் ‘சரி’தான் உறுத்துகிறது. அவள் கேட்டாள் என்பதற்காக மட்டும் சொன்னதில்லை அது. எனக்குப் பழகிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் அஞ்சுகிராமம் போனேன். அத்தான் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. கவரைத் தன் மடியிலேயே வைத்திருந்தார். நான் உட்கார்வதற்குள் தாளை உருவி நீட்டினார்.

“மாப்ளே, வெரல வச்சு வாசி. ஒரு வரி விடப்பிடாது.”

அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், வாசிக்கத் தெரியாது. லாரி நம்பரும் மூட்டைக் குறியும் பார்க்கிற அளவுதான். நான் விரலை வைத்தேன். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்தி, வாயால் வேறொன்றை வாசித்தேன். வீக்கம் பரவவில்லை, அப்படியே நிற்கிறது. டிரிப் போட்டதில் உடம்பு தளர்ந்துவிட்டது. இனி நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு வேண்டும். ஆள் தேறியதும் அடுத்த டிரிப் போடலாம். வரியின் நீளத்துக்குத் தகுந்தபடி என் வாக்கியத்தின் நீளத்தையும் பார்த்துக்கொண்டேன், குட்டி வரிக்கு நீளமாகச் சொன்னால் சந்தேகம் வரும். கடைசி வரியில் அவரே விரலை வைத்தார்.

“இது என்னது, எஸ் ஓ எஸ்?”

“ஒடம்பு எப்ப தேறுகோ அப்ப வரச் சொல்லியிருக்காவ அத்தான். அதான் தேதி போடல.”

“அப்ப நம்ம கையிலதான் இருக்கு?”

“ஆமா. நம்ம கையிலதான்.”

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது. மூன்று வரிகளை ஒரு பிசிறில்லாமல் திருப்பிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அடுத்த நாளிலிருந்து அத்தான் சாப்பிட ஆரம்பித்தார். அவருக்குப் பசி என்பதே போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மீன் வாசனை ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. ஆனால் நல்ல சாப்பாடு என்று தாளில் எழுதியிருக்கிறதே! காலையில் இரண்டு முட்டை, பதினோரு மணிக்கு ஏத்தம்பழம் புழுங்கியது, மத்தியானம் மீன். ஒவ்வொரு வாயாக மருந்து போல முழுங்குவார். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். வாயைக் கழுவிவிட்டு மறுபடி தட்டைக் கொண்டுவரச் சொல்வார். “வேண்டாம், ஒரு நேரம் சும்மா கெடங்க,” என்று அக்காள் கெஞ்சினால் அவள்மேல் எரிந்து விழுவார். “நான் தேறாண்டாமா? ஒனக்கு என்ன?” என்று கேட்பார். நான் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அந்த நாட்களில் பிடித்ததை மட்டும் ஒரு வாய் தின்றுவிட்டுச் சும்மா கிடந்திருக்கலாம். ஒரு மனிதனுக்கு நிம்மதி கொடுப்பதாக நினைத்து வேலை கொடுத்திருக்கிறேன்.

வாரத்துக்கு ஒருமுறை ஆட்டோவில் வடசேரிக் கடைக்கு வருவார். வியாபாரத்தைப் பார்க்க இல்லை. குலை நிறுக்கிற தராசில் ஏறி நிற்க. வீட்டில் எடை பார்க்கிற மெஷின் வாங்கித் தருகிறேன் என்றேன், அது பொய் சொல்லும், குலைத் தராசுதான் சரி என்றுவிட்டார். சந்தை ஆட்கள் குலையை இறக்கிவைத்துவிட்டு அவருக்கு வழிவிடுவார்கள். எடையைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்வார். ஐம்பத்துநாலு. அடுத்த வாரம் ஐம்பத்தொன்று. “சட்ட கனம் கொறஞ்ச சட்டயாக்கும் இன்னைக்கு,” என்று ஒரு சமாதானம். அதற்கடுத்த வாரம் நாற்பத்தொன்பது. அன்று அவர் குரலில் முதல் தடவையாகப் பயம் கேட்டது. “மாப்ளே, தேறாட்டா டிரிப் போட மாட்டானுவளா?” என்றார். போடுவார்கள், அவசரமில்லை என்றேன்.

அவர்களுக்கு ஒரே மகன், என் மருமகன். கத்தாரில் ஏசி மெக்கானிக். இருபத்தாறு வயது. அந்த வாரம் அவன் என்னைக் கூப்பிட்டான். அக்காள் தாளை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

“மாமா, அப்பா ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுகாவ. ஆனா இதுல கேர்னு போட்டிருக்கு, ரிவ்யூன்னு போட்டிருக்கு. நல்லதா கெட்டதா ஒண்ணும் பிடிகிட்டல. டிக்கெட் போட்டு வந்துரட்டா?”

அக்காளிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன். அக்காள் ஒரே பிடியாக நின்றாள். அவள் சொன்ன காரணம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் விளங்கும். இங்கே வீட்டுக்கு ஒருவன் கல்ஃபில் இருக்கிறான். அவனுக்கு வருகிற மாதம் என்று ஒன்று உண்டு. தெருவுக்கே அது தெரியும். அந்த மாதம் இல்லாமல் வேறு மாதத்தில் அவன் பெட்டியோடு வந்து இறங்கினால், உள்ளே ஒரு ஆள் சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். அவன் சாமான் வைப்பதற்குள் தெருவில் நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் நன்றாகப் பேசிக்கொண்டு படுத்திருந்தவர், பங்குனியில் மகனைக் கண்டதும், “நீ இப்ப ஏன் வந்த?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான். அக்காள் அதைப் பார்த்தவள். “அவன் வந்து நின்னாலே அவியளுக்குத் தெரிஞ்சிரும். நாம வாயத் தெறக்காண்டாம். தையில அவனுக்கு லீவு இருக்கு. அதுவர சமாளிப்போம்,” என்றாள்.

தை வருவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அத்தானுக்கு அவ்வளவு நாள் இல்லை என்று எனக்குத் தெரியும். அக்காளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியும் நான் மருமகனைக் கூப்பிட்டேன். அவன் அப்பாவுக்குச் சொன்ன அதே தமிழை அவனுக்கும் சொன்னேன். வீக்கம் அப்படியே நிற்கிறது, தேற வேண்டும், தையில் வந்தால் போதும். அவன் பெருமூச்சு விட்டதுகூடக் கேட்டது. “உங்கள்ட்ட கேட்டாத்தான் மாமா ஒரு நம்பிக்க,” என்றான்.

கார்த்திகை பிறந்தபோது அத்தான் எழுந்திருக்கவில்லை. வலி ஊசி போட, அஞ்சுகிராமத்திலேயே இருக்கிற ஒரு நர்சுப் பெண்ணை ஏற்பாடு செய்தேன். என்னிடம் படித்தவள், நான் திட்டி இரண்டு தடவை அழுதாள் என்றேனே, அவள்தான். முதல்நாள் வந்தபோது தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஊசி போட்டு முடித்துவிட்டு என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.

“சாரே, இத அவிய கிட்ட என்னன்னு சொல்லியிருக்கிய?”

சொன்னேன். அவள் தாளை என் முன்னால் நீட்டினாள்.

“யாருக்குன்னு கேக்காம தாண்டாதன்னு நீங்கதான சார் கத்துவிய. பைஸ்டாண்டருக்குத்தான் சொன்னதுன்னு எழுதியிருக்கு. அவியளுக்கு ஆருமே சொல்லலியே.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடும்பத்து விஷயம், உனக்குத் தெரியாது என்றேன். அவள் அசரவில்லை. “மகன வரச் சொல்லுங்க சாரே. இனித் தாமசிக்கப்பிடாது. நான் தெனம் இதத்தான் பாக்கேன்,” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அவள் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அக்காளிடம் பேசி, அவள் அழுது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி, மூன்று நாள் ஓட்டினோம். நான்காம் நாள் அத்தானுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. அன்றுதான் கத்தாருக்கு ஃபோன் போட்டேன். அப்போதும் முழுதாகச் சொல்லவில்லை. நோய் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, வந்துவிட்டுப் போ என்றேன். கம்பெனியில் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கி, டிக்கெட் போட்டு அவன் திருவனந்தபுரத்தில் இறங்கியபோது அத்தான் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அவன் கண்ணாடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். “அவியளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எல்லாம் தெரியும். நம்மள வெசனப்படுத்தாண்டாம்னு காட்டிக்கிடல, அம்புட்டுத்தான்.” சந்தைக்காரர்கள் சொன்னார்கள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், கடைசியில் அக்காளே சொல்ல ஆரம்பித்தாள். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவருக்குத் தெரியும், தெரிந்தே தராசில் ஏறினார், தெரிந்தே முட்டையை முழுங்கினார், நமக்காக நடித்தார் என்று வைத்துக்கொண்டால் நான் செய்தது பாதிதான் குற்றம். பதினாறு நாளும் அதைச் சொல்லித்தான் தூங்கினேன்.

பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த மறுநாள் காலை, வகுப்புத் தொடங்கும் முன், மருமகன் வடசேரி அறைக்கு மாடியேறி வந்தான். மொட்டைத் தலை. கையில் அந்த ஜவுளிக்கடைக் கவர். என் எதிரே பெண்கள் உட்கார்கிற பெஞ்சில் உட்கார்ந்து தாளை எடுத்து மேஜையில் விரித்தான்.

“ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க மாமா. உள்ளத வாசிங்க.”

வாசித்தேன். விரலை வைத்து வரி வரியாக வாசித்தேன். யார், யாருக்கு, எப்போது என்று விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து முழு வாக்கியமாகச் சொன்னேன். இவர் பிழைக்க மாட்டார் என்பதை டாக்டர் இவர் மனைவியிடமும் மைத்துனனிடமும் ஐப்பசி மாதமே சொல்லிவிட்டார். இவரிடம் சொல்லவில்லை. இவர் மகனிடம் சொல்லவில்லை. என் குரல் வகுப்பெடுக்கிற குரலாகவே இருந்தது, அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை. முடித்த பிறகு நான் உளறினேன்.

“அப்பாக்குத் தெரிஞ்சிருக்கும் மக்கா. எல்லாரும் அதத்தான் சொல்லுகாவ. அவரு காட்டிக்கிடல.”

அவன் ஃபோனை எடுத்தான். தேடி எடுத்துத் தாள்மேல் வைத்து அமுக்கினான். அத்தானின் குரல் வந்தது. பின்னால் அக்காள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“மக்கா, அப்பாவாக்கும். இன்னைக்கு மாமா வந்து தாள முழுக்க வாசிச்சான். வெரல வச்சு வாசிச்சான். ஒண்ணும் இல்ல கேட்டியா. வீக்கம் அப்பிடியேதான் நிக்கி. நான் தேறணும், அம்புட்டுத்தான். நம்ம கையிலதான் இருக்கு. நீ இப்ப வராண்டாம், தையில வா, அடுத்த டிரிப்புக்கு நீயும் நானுமா போவோம். ஒங்கம்மைக்கு நம்பிக்க இல்ல, அழுதுட்டே கெடக்கா. எனக்கு மாமா சொன்னாப் போதும். அவன் இல்லாட்டா நான் பயந்தே செத்திருப்பேன். நீ வரும்போ மாமாக்கு நல்லதா ஒரு வாச்சு வாங்கிட்டு வா. நான் சொன்னேன்னு அவன்ட்ட சொல்லாண்டாம்.”

முடிந்தது. கீழே செருப்புக் கடையில் ஷட்டரைத் தூக்கினார்கள். அவருக்குத் தெரியவில்லை. ஒரு துளிகூடத் தெரியவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்படியே நம்பிக்கொண்டு செத்திருக்கிறார்.

மருமகன் கவருக்குள் கையை விட்டுச் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தான்.

“அன்னைக்கே வாங்கிட்டேன் மாமா,” என்றான். “தையில கொண்டு வரணும்னு வச்சிருந்தேன்.”

அவன் என் கையை இழுத்துத் தாள்மேல் வைத்து, வாட்ச்சை அவனே கட்டிவிட்டான்.